காதுகுத்துக்குப் பறந்து வந்த மாமன்

“பிளேன் டயத்துக்குத்தான் எறங்குச்சுங்க மாப்பிள்ளை. நான்தான் லேட்டு.”

சேலத்தில் சென்னை ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னார். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் அவருடைய தங்கை மகளுக்கு எருமப்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. எல்லோரும் சென்னையிலிருந்து ரயிலில் வர, தாய்மாமன் மட்டும் விமானத்தில் வந்திருக்கிறார். அவர் வருவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும் என்று, பிள்ளையை ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். அப்போதிருந்து தங்கை அண்ணனோடு பேசவில்லை.

“ஆகாசத்துல எவ்வளவு நேரமுங்க மச்சான்?” என்று கேட்டார் தங்கையின் கணவர்.

“ஒரு மணி நேரம்.”

“தரையிலீங்க?”

“ஊட்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு ரெண்டு. அங்க உக்காந்தது ரெண்டு. சேலம் ஏர்போர்ட்டு, காமலாபுரத்துல எறங்கிக் கோயிலுக்கு வர ரெண்டு.”

“அப்ப பிளேன்ல வந்தேன்னு சொல்லாதீங்க. கார்ல வந்தேன், நடுவால கொஞ்சம் பறந்தேன்னு சொல்லுங்க.”

“ரயில்ல அஞ்சு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கோணுமேன்னு பாத்தேன்.”

கணவருக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த தங்கை அப்போதுதான் திரும்பினார். தூக்கத்தில் சாய்ந்த பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தார்.

“சும்மா உக்கார வேண்டாமுங்கண்ணா. சென்ட்ரல் வரைக்கும் புள்ளைய எறக்கப்படாது.”

ஜோலார்பேட்டையில் டீ வந்தது. அவர் பிள்ளையிடமிருந்து கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் கப்பை அவர் வாயருகே பிடித்தார்.