ஐந்து கறுப்பு வயர்

உங்கள் அப்பா எனக்குத் தர வேண்டியது அறுநூற்று ஐம்பது ரூபாய். பெரிய தொகை இல்லை. அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து நீங்கள் போன் செய்தபோது, "அப்பா ஏதோ பாக்கின்னு சொல்லிக்கிட்டே இருக்கார், எவ்வளவுன்னு சொல்லுங்க, அனுப்பிடறேன்" என்றீர்கள். பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு வண்டி ஏன்ணே நின்னுச்சு?" என்றும் கேட்டீர்கள். வயசான வண்டி தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதை நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை நீங்கள் முதலில் பார்த்தது ஓயாமரி சுடுகாட்டில். அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான்தான். பெயர் ராமர். உறையூரில் டவுன் பஸ் திரும்புகிற முனையில் தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம். சின்ன வயசிலேயே இங்கே வந்து மூட்டை தூக்கினேன், பேட்டரிக் கடையில் ஆசிட் ஊற்றினேன். கை வெந்தது, தொழில் படிந்தது. கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறையில் படுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காவிட்டால், திங்கட்கிழமை காலை வரும் முதல் ஆளிடம் பேசும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். முந்தின நாள் முழுக்க அதற்கு வேலையே இருந்திருக்காது.

உங்கள் வெள்ளைக் கார் முதல் முறை வந்தது ஒரு மழைநாளில். உங்கள் அப்பா இறங்கி, "ஹெட்லைட் போட்டா வைப்பர் அழுவுது, வைப்பர் போட்டா ஹெட்லைட் அழுவுது. மாமியாரும் மருமகளும் மாதிரி" என்றார்.

உள்ளே இருந்து அம்மா, "எங்க மாமியாரைப் பத்தி நான் வாயே தொறக்கலை. இவரே சொல்றார், பாத்துக்குங்க" என்றார்.

அந்த வண்டிக்கு எர்த் போதவில்லை. பேட்டரியிலிருந்து கரண்டு வயர் வழியாகப் போய் விளக்கை எரிய வைக்கும். திரும்பி வருவதற்குத் தனி வயர் கிடையாது, காரின் தகர உடம்புதான் வழி. அதைத்தான் எர்த் என்போம். பழைய வண்டியில் துருப் பிடித்து அந்த வழி அடைத்துப்போகும். அப்படிப்பட்ட வண்டிக்கு பானட்டுக்குள்ளே தடிமனான கறுப்பு வயர்களைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நான் ஐந்து கொடுத்தேன். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று, ஹெட்லைட் பக்கம் இரண்டு, வைப்பர் பக்கம் ஒன்று. மாட்டுகிற இடத்தையெல்லாம் பளபளவென்று சுரண்டி, வளையம் வைத்து முறுக்கினேன். அன்றைக்கு நான் செய்தது நல்ல வேலை. இதை எந்த மெக்கானிக்கிடமும் காட்டிக் கேட்கலாம்.

வேலை நடக்கிறபோது அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பேட்டரி எந்த வருஷம்னு அது மேல எழுதியிருக்கே, படிங்க ராமர்" என்றார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலைம்மா."

அவர் சிரித்தார். "ஜங்ஷன்ல டிக்கெட் கவுண்டர்ல உக்காந்தே நான் கிழவியானேன். கண்ணாடி எடுத்துட்டு வரலை, நீங்களே எழுதிடுங்கன்னு எத்தனை பேர் ஃபார்மை நீட்டியிருப்பாங்க, தெரியுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரம் ஒரு பஸ் வந்து திரும்பியது. அவர் அதன் நெற்றியைக் காட்டி, "முதல் எழுத்தைப் பாருங்க. பிள்ளையார் சுழி மாதிரி இருக்கா? அதான் உ. உறையூர். சுழி போடத் தெரிஞ்ச மனுஷருக்கு எழுத்து தெரியாதுன்னு யார் சொன்னது?" என்றார்.

"வண்டிக்கு வந்தியா, வாத்தியார் வேலைக்கு வந்தியா?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டுக்கும்தான். உங்க வண்டி சரியாகறதுக்குள்ள இவர் எம்.ஏ. முடிச்சிடுவார்."

அந்த வேலை முடிய நாலைந்து நடை ஆனது. நான் அவசரப்படவில்லை. பஸ்கள் வர வர எழுத்துகளும் வந்தன. சத்திரம், பாலக்கரை, பொன்மலை. அம்மா வரும்போது தூக்கில் தயிர்சாதம் கொண்டுவருவார். அப்பா பொன்மலை ரயில்வேயில் கணக்கு செக்ஷனில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசுவார். தாயுமானவன், மட்டுவார்குழலி என்று இரண்டு பேருக்கும் பெயர் பொருந்தியதைச் சொல்லி, "சாமி ஜோடி மலைக்கோட்டை மேல இருக்கு, அசல் ஜோடி ஸ்ரீரங்கத்துல வாடகைக்கு இருக்கு" என்பார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா ராமர்?" என்று கேட்பார்கள். பதில் வரும் வரைக்கும் இரண்டு பேரும் காத்திருப்பார்கள். ஸ்ரீரங்கம் என்ற பெயரில் முதல் எழுத்து கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. வண்டி ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுகிற வண்டியை எவரும் மெக்கானிக்கிடம் கொண்டுவருவதில்லை. வெள்ளைக் கார் எது போனாலும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் தாஹா, "என்ன ராமர்ண்ணே, பொண்ணு பாக்க வர்றோம்னு சொன்னவங்க இன்னும் வரலையா?" என்று கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன்.

பொங்கல் சமயத்தில் ஒரு நாள், அந்தப் பக்கம் வந்தவர்கள் கரும்பு கொடுக்க நிறுத்தினார்கள். பானட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் முதல் முறை செய்தேன்.

செய்தது மிகச் சின்ன காரியம். கம்பெனிக்காரன் போட்டிருந்த பழைய எர்த்தைக் கழற்றி எடுத்துவிட்டேன். நான் போட்டது இருக்கும்போது அது எதற்கு என்று தோன்றியது. பிறகு பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் என் வயரின் வளையத்தைக் கழற்றி, அடிப்பக்கம் கரண்டை விடாத வார்னிஷை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் திரும்ப முறுக்கினேன். வெளியே பார்த்தால் வயர் கெட்டியாகத்தான் இருக்கும். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் கரண்டு கடக்கும். சூடாகிச் சூடாகி ஒரு நாள் ஸ்டார்ட்டருக்குப் போதாமல் போகும். விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும். சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் பேட்டரியைச் சந்தேகப்படுவார்கள்.

அடுத்த மாதம் அப்பா போன் செய்தார். ஸ்ரீரங்கம் போய் அந்த வளையத்தை ஒரு திருப்புத் திருப்பினேன், வண்டி எடுத்துக்கொண்டது. கொட்டகைக்குக் கொண்டுவரச் சொன்னேன். வந்தார்கள். சுரண்டிச் சரிசெய்தேன், சரிசெய்த இடத்திலேயே திரும்பத் தடவினேன். அன்றைக்கு அம்மா எனக்கு ஸ்ரீ எழுதக் காட்டினார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை என்று ஆனது. கூலியாக அறுநூற்று ஐம்பது வாங்கினேன். வாங்காவிட்டால் அப்பா வரமாட்டார், மானமுள்ள மனுஷர். வண்டியை விற்றுவிட்டு கால் டாக்ஸி வைத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் புனேயிலிருந்து சொன்னீர்களாம். "அரவிந்தனுக்கு என்ன தெரியும்? நமக்குத்தான் ராமர் இருக்காரே" என்று அப்பா என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

சித்திரையில் அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. தில்லைநகரில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். நெஞ்சு கனமாக இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, அம்மா என் கொட்டகையில் உட்கார்ந்துதான் சொன்னார். நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. அன்றைக்கே வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தமாக முறுக்கி அனுப்பினேன்.

அந்த மாதம் அவர்கள் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. வாசித்துக் காட்ட ஆளில்லாமல் பஸ்களின் பெயரை நானே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தாஹா ஒரு மாதிரியாகப் பார்த்தான். அப்புறம் நானே போன் செய்தேன். "சும்மா ஒரு செக்கப் சார், காசு வேண்டாம், அம்மா உடம்பு இருக்கற நிலைமையில வண்டி நல்லா இருக்கணும்ல" என்றேன். வந்தார்கள். அம்மா இளைத்திருந்தார். அன்றைக்குத் திரும்பத் தடவினேன். கொஞ்சமாகத்தான்.

ஆடிப் பதினெட்டு அன்று பகலில் போன் வந்தது. அப்பாதான். "ராமர், வண்டி டக்குன்னுது, எடுக்க மாட்டேங்குது. அவளுக்கு நெஞ்சு வலிக்குதுங்கறா. பின் சீட்ல உக்கார வச்சுட்டேன். வாசல்ல ஆட்டோ ஒண்ணு நிக்குது, அதுல ஏத்திடட்டுமா?"

"வேண்டாங்க சார். ஆட்டோ குலுக்கும், அம்மாவுக்கு ஆகாது. இந்தா கிளம்பிட்டேன், பத்து நிமிஷம்" என்றேன்.

பத்து நிமிஷத்தில் வர முடியாது என்று எனக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற கூட்டம் காவிரிப் பாலத்தையே அடைத்துக்கொள்ளும். ஊரில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஆட்டோவில் ஒருமுறை போய்ப் பழகிவிட்டால் பிறகு எதற்கெடுத்தாலும் ஆட்டோதான். அது மட்டும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாராவது பானட்டைத் திறந்து கை வைத்தால், கம்பெனி எர்த் எங்கே என்று கேட்பார்கள். இதெல்லாம் அந்த நேரத்தில் நான் யோசித்ததாகச் சொல்ல முடியாது. வாயில் வந்தது வேண்டாம் என்றுதான்.

பாலத்தில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனேன். தலையில் முளைப்பாரியோடு பெண்கள், தாலி பிரித்துக் கட்ட வந்த புதுப்பெண்கள், கையில் காதோலை கருகமணி. காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு மனசு லேசாக இருந்தது. அவர்களைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

மாம்பழச் சாலைக்கு உள்ளே உங்கள் தெருவுக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகிவிட்டது. ஆட்டோ போய்விட்டிருந்தது. அம்மா பின் சீட்டில் சாய்ந்திருந்தார், முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும், "ராமர் வந்துட்டார்ல, இனிமே போயிடலாம்" என்றார். பானட்டைத் திறந்து வளையத்தைச் சுரண்டி முறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே எடுத்துக்கொண்டது.

"பாத்தியா குழலி, உடனே எடுத்துக்கிச்சு" என்று அப்பா அழுதுகொண்டே சொன்னார்.

நான்தான் ஓட்டினேன். பாலத்துக்கு முன்னால் கூட்டத்தில் நின்றோம். பாலத்தின் மேலும் நின்றோம். அம்மா கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் தாண்டி சிந்தாமணி வந்தபோது பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும், அப்பா சட்டைப் பையைத் தடவினார். "உங்களுக்கு எவ்வளவு ராமர்? எப்பவும் போல அறுநூத்தி ஐம்பதா? பர்ஸை வீட்டுலயே விட்டுட்டேன்" என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் சார் என்றேன். அவர் சொல்கிற பாக்கி அதுதான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். வண்டி நிற்கும்படி செய்தவன் நான். ஆட்டோவில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னவனும் நான். போலீசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள். கொட்டகையில்தான் இருப்பேன், போவதற்கு எனக்கு இடமும் கிடையாது. ஆனால் கெடுதல் நினைத்துச் செய்ததாக மட்டும் நினைக்காதீர்கள். அந்த இரண்டு பேரைவிட எனக்கு வேண்டியவர்கள் இந்த ஊரில் இல்லை.

இன்னொன்று. வண்டியை விற்கப் போவதாக அப்பா சொன்னார். விற்காதீர்கள். நீங்கள் புனேக்குக் கிளம்பிவிடுவீர்கள். அவர் அந்த வீட்டில் யாரோடு பேசுவார்? தனியாக இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் நீங்களெல்லாம் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காரைத் துடைப்பதாகச் சொல்லிக் கீழே போனேன். நான்கு வயரைச் சுத்தமாகச் சுரண்டி முறுக்கிவிட்டேன். இன்ஜினுக்குப் போகிறதில் மட்டும் கொஞ்சம் தடவியிருக்கிறேன்.

அறுநூற்று ஐம்பதைத் தள்ளிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் போல வண்டி நிற்கும். அதற்கும் காசு வாங்க மாட்டேன், வரச் சொல்லுங்கள்.