இலையோடு அரைபட்ட அசுவினி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வு நிலைய இயக்குநர் ஐயா அவர்களே, மறைந்த அக்காவின் கணவர் அவர்களே, கணினிப் பிரிவுத் தம்பி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஒன்பது விதை ஆய்வாளர்களே, பின்னால் இருக்கும் பதினான்கு மாணவர்களே, கதவருகில் நிற்கும் காவலர் அண்ணனே, எல்லாருக்கும் வணக்கம். என்னோடு சேர்த்து இருபத்தெட்டுப் பேர். எண்ணிவிட்டேன்.

நான் பட்டம் பெற்றவள் அல்ல, வீட்டைப் பார்த்துக்கொள்பவள். தாவர மரபணுத் தரவுத்தளத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் நடத்திய தலைமைப் பொறுப்பாளரை, நாம் எல்லாரும் அக்கா என்றே அழைத்தவரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒரே தகுதிதான். அவர் செய்த பிழையைக் கண்டுபிடித்தவள் நான். இனி அந்தத் தளத்தில் பிழை திருத்துவது யார் என்று கேட்கவும் வந்திருக்கிறேன்.

பயிர்களின் மரபணுக்களை வரிசையாக எழுதி, எது எதற்கு உதவும் என்று குறித்த பெரிய பதிவேடு அது. யாரும் பார்க்கலாம், பிழை கண்டால் யாரும் எழுதலாம். என் வீட்டு அவரைக்கொடி ஏன் காய்க்கவில்லை என்று தேடப்போய் அதற்குள் நுழைந்தேன். உதவிப் பக்கங்களைப் படித்தே கற்றுக்கொண்டேன். காலையில் இறைவனை வணங்கிவிட்டுப் பத்து வரி சரிபார்ப்பேன்.

ஒரு நாள், ‘அவரைக்கு மட்டுமே உரியது, வறட்சியைத் தாங்கவைப்பது’ என்றிருந்த மரபணுவை ஒப்பீட்டுக் கருவியில் இட்டேன். அது அசுவினிப் பூச்சியின் மரபணுவோடு அப்படியே பொருந்தியது. பயந்துகொண்டேதான் எழுதினேன். அரை மணியில் அக்காவே அழைத்தார்.

“எந்த யுனிவர்சிட்டிலேர்ந்து எழுதுறீங்க?”

“வீட்லேர்ந்துதாங்க.”

“வீட்ல உக்காந்துகிட்டே எங்க லேப் பூச்சியப் பிடிச்சிட்டீங்களேம்மா! மரபணு எடுக்க அந்த இலைய அரைச்சது நாந்தான். ஒட்டியிருந்த பூச்சி போகச் சரியாக் கழுவல போலிருக்கு.”

அதோடு விட்டாரா? அந்த இலையிலிருந்து வந்த எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பூச்சி மரபணுக்கள் அகப்பட்டன. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரையே அவற்றில் ஒன்றை நம்பித்தான் நின்றது. இதோ இந்தத் தம்பியே அன்று கெஞ்சினாராம்:

“விட்டுடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சேடா. இத நம்பி அஞ்சு வருஷம் புது ரகத்துக்குப் பாடுபடுறவங்களுக்கு நீயா பதில் சொல்வே?”

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எங்கள் தளத்தின் மரபணுப் பட்டியலை நகலெடுத்திருந்த பதினொரு தளங்களுக்கும் தாமே எழுதினார். பிழை என்னுடையது என்று எழுதினார். கண்டவர் இவர் என்று என் பெயரையும் எழுதினார். எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? மாணவர்கள் அவருக்கு ‘ரப்பர் அக்கா’ என்று பட்டப்பெயர் வைத்தபோது, “ரப்பர்னே கூப்பிடுங்க, பேனான்னு மட்டும் கூப்பிட்டுராதீங்க” என்று சிரித்தார்.

இயக்குநர் ஐயா, அவர் நினைவாகத் தளத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அப்படியே காப்போம் என்று சற்று முன் சொன்னீர்கள். அன்பினால்தான் சொன்னீர்கள். ஆனால் ஒப்புதலுக்கு எண்பத்தாறு திருத்தங்கள் காத்திருக்கின்றன. ஒப்புதல் தரும் அனுமதி அக்காவிடம் மட்டுமே இருந்தது. பிழை என்று தெரிந்ததைப் பூட்டி வைப்பதா அவருக்கு நாம் செய்யும் மரியாதை?

தம்பியும், விதை ஆய்வாளர் இருவரும், நானும் நாள்தோறும் சரிபார்ப்போம். இறைவன் சாட்சியாக உறுதி சொல்கிறோம். அனுமதியை எனக்குத் தர வேண்டாம், தம்பிக்குக் கொடுங்கள். வியாழக்கிழமை விதை நிலையங்கள் இந்தப் பருவத்துக்கான பட்டியலை நம் தளத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. சரி என்றாலும், முடியாது என்றாலும், புதன் மாலைக்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள் ஐயா.