மூணாவது தொட்டி

– இதழை எண்ணுடா தம்பி. சத்தமா எண்ணு.

– மொட்டை மாடியில நிறுத்தி வச்சு விளையாடறியாக்கா? மில்லுல வியாபாரி காத்துக்கிட்டிருக்கான். கடுகு சுத்தம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு, ஓடிடறேன்.

– காலேஜ்ல தாவரவியல் நடத்தறவ கையெழுத்து அவ்வளவு மலிவாப் போச்சா? எண்ணு.

– சரி தாயே. நாலு.

– சிலுவை மாதிரி எதிரெதிரா இருக்கா? உள்ள ஆறு கேசரம், அதான் மகரந்தத் தாள். நாலு உசரம், ரெண்டு குட்டை. கடுகுக் குடும்பத்துப் பூன்னா இப்படித்தான்.

– அப்ப சுத்தம். ஆளை விடு.

– மூணாவது தொட்டிக்கு வா.

– இதுவும் மஞ்சப் பூதானே?

– மஞ்சளா இருந்தா கடுகா? எண்ணுடா.

– நாலு, அஞ்சு... ஆறு. கேசரம் எண்ணி மாளாது. ஸ்ஸ், இலை குத்துதுக்கா!

– தண்டைக் கிள்ளு.

– பால் வருது. மஞ்சப் பால்.

– பிரம்மதண்டு. வயக்காட்டுல தானா முளைக்கிற முள்ளுச்செடி. விதை பார்க்க அச்சு அசல் கடுகு. சேர்த்து ஆட்டின எண்ணெயைச் சாப்பிட்டா முதல்ல ரெண்டு காலும் வீங்கும். அப்புறம் மூச்சு வாங்கும். அப்புறம் இதயம்.

– மண்ணுல ஏற்கெனவே கிடந்த விதையா இருக்கும்.

– மண்ணை வறுத்துதான் போட்டேன். நீ குடுத்த பிடிக் கடுகைத் தவிர தொட்டியில வேற எதுவுமில்ல.

– அக்கா... எட்டு மாசம் ஆன என் பொண்டாட்டிக்குக் கால் வீங்கறது சகஜம்தானே? டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க. நேத்து படியேறி வந்து பேச முடியாம உக்காந்துட்டா.

– அவளுக்கு என்னடா பயம்? வீட்டு எண்ணெய்க்குத்தான் வேற இடத்துல கடுகு வாங்கி, தனி மூட்டை வச்சிருக்கியே. நான் சொல்றது கடைக்கு ஆட்டப்போற புது லோடை. அது அடிமாட்டு விலைக்கு வந்தப்பவே எனக்குச் சந்தேகம். ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது. ஊர் பாவம் நமக்கு வேணாம்.

– எனக்கும் சந்தேகம்தான்க்கா.

– அப்புறம் ஏன்டா இங்க நிக்கற? போ, மில்லை நிறுத்து.

– புது லோடுல குடுத்தா நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு... உனக்கு வீட்டு மூட்டையிலேர்ந்துதான் அள்ளிக் குடுத்தேன்.