பேய்ப் படத்துக்கு யாரைக் கூட்டிப்போவது

தீபாவளி லீவு. ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு இப்போது தவித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் அந்தப் படத்தை முந்தின நாளே குடும்பத்தோடு பார்த்துவிட்டாள்.

"பேய்ப் படமாமே அக்கா. புள்ளைங்க பயப்படாதுங்களா?"

"பேய் ரொம்ப நல்ல பொம்பள, தங்கச்சி. புள்ளைங்களுக்குச் சோறெல்லாம் ஊட்டும்."

"கொலை?"

"எல்லாம் இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிரும்."

"இந்தக் கட்டிப்புடிக்கிறது...?"

"கிட்ட வந்ததும் பூவக் காட்டிருவாங்க."

"அப்ப பயமே இல்லையா?"

"புள்ளைங்க சிரிச்சுக்கிட்டுத்தான் பாத்துச்சுங்க. எங்க வீட்டுக்காரருதான், பேய் போறேன்னு சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதாரு. சின்னவதான் தட்டிக்கொடுத்தா."

இளையவள் முடிவெடுத்துவிட்டாள்.

"அப்ப புள்ளைங்கள மட்டும் கூட்டிட்டுப் போறேன்க்கா. எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் அந்த வயசு வரல."