கல்யாணம் பக்கத்து வீட்டுக்கு மாறிய காரணம் குறித்து

பெயர் மீனாட்சிசுந்தரம், தகப்பனார் பெயர் ஆண்டியப்பன், வயது 64. கோட்டையூரில் சொந்த வீட்டில் குடியிருந்து, காரைக்குடியில் பாத்திரக்கடை நடத்திவரும் நான், இன்று காவல் நிலையத்தில் சார்பு ஆய்வாளர் முன்பு யாருடைய தூண்டுதலும் இல்லாமல் ஆஜராகிக் கூறும் வாக்குமூலம்.

எங்களுடையது தச்சு வேலை பார்க்கும் குடும்பம். எனக்கு உளி வசப்படவில்லை. அதனால் சைக்கிளில் பாத்திரம் கட்டி ஊர் ஊராக விற்று, பிறகு கடை வைத்தேன். எங்கள் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வீட்டுக்குள் வரிசையாகப் பரப்பி, வருகிறவர்கள் பார்க்கும்படி வைப்பது வழக்கம். அந்தச் சாமான்களை மொத்தமாகப் பிடித்துக் கொடுத்துத்தான் நான் ஆளானேன்.

என் கடையில் வண்டி ஓட்டும் முத்தரசு இந்த ஊர்க்காரர். அவர் மனைவி யோகலட்சுமி என் கடையிலேயே கல்லாவில் இருக்கிறார். இவர்களுடைய மகள் சிந்து, மலேசியாவில் நடக்கும் சிலம்பப் போட்டிக்குத் தேர்வாகி, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, தெரிந்த நபர் என்று என் பெயரைக் கொடுத்திருந்தார். அது சம்பந்தமாகச் சார்பு ஆய்வாளர் சென்ற வாரம் என் கடைக்கு வந்து, இந்தப் பெண்ணை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். "இந்தப் பிள்ளைய என்ன, இவ ஆத்தாவையே பொறந்த அன்னைலருந்து தெரியும். நம்ம கோட்டையூர்லதான பொறந்துச்சு" என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அண்ணே, பேச்சுவாக்குல அடிச்சு விடாதீக. அந்தம்மா மன்னார்ல பொறந்து கைக்குழந்தையா படகுல வந்ததாத்தான் அகதி முகாம் பதிவுல இருக்கு" என்றார்.

அதன் பிறகு அவரே விவரம் சொன்னார். 1987 ஜூலை மாதத்துக்கு முன்பு இந்தியாவில் பிறந்திருந்தால், தாய் தகப்பன் அகதிகளாக இருந்தாலும் யோகலட்சுமி இந்த நாட்டுக் குடிமகள்தான் என்றும், மன்னாரில் பிறந்து அனுமதியில்லாமல் படகில் வந்தவர் என்றால் அவரும் குடிமகள் இல்லை, 2007-ஆம் வருடம் அவருக்குப் பிறந்த சிந்துவும், தகப்பன் முத்தரசு இந்தியராக இருந்துங்கூட, குடிமகள் ஆகமாட்டார் என்றும் சொன்னார். போட்டிக்குப் போவது மட்டுமல்ல, அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்பதே இதில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்ததை ஸ்டேஷனுக்கே வந்து எழுத்தில் கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

எனக்குத் தெரிந்தது பின்வருமாறு. 1987-ஆம் வருடம் வைகாசி மாதம், கோட்டையூரில் செட்டியார் வீட்டுப் பெண் வள்ளிக்கண்ணு ஆச்சியின் கல்யாணத்துக்குச் சாமான் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதுதான் எனக்கு முதல் பெரிய ஆர்டர். பித்தளைச் சாமான்களைப் புளி போட்டு விளக்குவதற்கு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தவமணி என்பவரைக் கூலிக்கு அழைத்து வந்தேன். அவர் நிறைமாதக்காரி என்பது தெரியும். கல்யாணத்துக்குள் பிரசவம் ஆகாது என்று அவரே சொன்னதால் நானும் விட்டுவிட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், சாமான் எல்லாம் பரப்பி முடிந்த நேரத்தில், வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வலி கண்டுவிட்டது. வண்டி பிடிக்க நேரமில்லை. சமையலுக்கு வந்திருந்த ஆயி என்ற அம்மாள் அவரைச் சாமான் அறைக்குள் படுக்கவைத்து, வெந்நீர் வேண்டும் என்று கத்தினார். அடுப்படியில் இருந்த பாத்திரம் எல்லாவற்றிலும் பலகாரம் இருந்தது. நான் பரப்பி வைத்த வரிசையிலிருந்து ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெண்ணின் தாயார் குறுக்கே வந்து, "ஏப்பா, பரப்புன சாமான்ல கை வைக்கிறீகளே, விளங்குமா?" என்று சத்தம் போட்டார். "ஆச்சி, அண்டா வேற கொண்டாந்துருவேன். பிள்ளைய வேற கொண்டார முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அதன் பிறகு பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடியை அறுத்தது ஆயி. அவர் இப்போது உயிருடன் இல்லை. பிள்ளை பிறந்த தீட்டோடு அந்த வீட்டில் தாலி கட்டக்கூடாது என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பக்கத்தில் உள்ள பங்காளி வீட்டுக்குக் கல்யாணத்தை மாற்றினார்கள். பரப்பிய சாமான் முழுவதையும் நானும் என் ஆட்களும் தலையில் சுமந்து அந்த வீட்டில் மறுபடி பரப்பினோம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்துடன் பத்திரிகையில் போட்டிருந்த வாசலுக்கே வந்து நின்றுவிட்டார்கள். அவர்களை அங்குட்டுப் போகச் சொல்லித் திருப்பி விட்டதும் நான்தான். அந்தக் கல்யாணம் ஏன் வீடு மாறியது என்பது அந்தத் தெருவில் வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று பிறந்த குழந்தைதான் யோகலட்சுமி.

மேற்படி பதிவைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு நான் தவமணியை நேரில் பார்த்து, ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்த வருடம் ஆடி மாதத்தில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆகி, எல்லாரையும் திருப்பி அனுப்பக் கப்பல் வருகிறது என்று முகாமில் பேச்சு இருந்ததாம், அப்போது புதிதாகப் பதிவும் எடுத்தார்களாம். "இங்க பிறந்த பிள்ளை இந்தியாப் பிள்ளை, கப்பல்ல ஏத்த மாட்டினம் எண்டு கதைச்சவை. பிள்ளைய விட்டுட்டுப் போறதோ? அதான் மன்னாரில பிறந்தது எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?" என்றதற்கு, "நீங்கள் யாவாரி. லாபமோ நட்டமோ எண்டு பாத்துச் சொல்லுவியள். எனக்குப் பிள்ளை வேணும்" என்றார். அவர்கள் கப்பலில் போகவும் இல்லை, பதிவைத் திருத்தவும் இல்லை. திருத்தப் போனால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று யோகலட்சுமியும் வாயைத் திறக்கவில்லை. கடையில் எல்லாரும் ஓட்டுப் போடப் போகிற நாளில், "நீங்க போயி மை வச்சுட்டு வாங்க, நான் கல்லாவப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் கடையில் இருப்பார். அவருக்கு அரசியல் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

தவமணி அன்று சொன்னது பொய்தான். கலப்புப் பித்தளையை அசல் என்று விற்கிறவர்களை நாற்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். பொய் சொல்லி ஆதாயம் பார்த்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த அம்மாள் பார்த்த ஆதாயம் பிள்ளையைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டதுதான்.

அதன் பிறகு சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் வள்ளிக்கண்ணு ஆச்சிக்குப் போன் செய்து, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "நல்லாக் கேட்டீக போங்க. எங்க மாமியா சாகுற மட்டும், அடுத்த வீட்டுல தாலி வாங்குனவன்னு குத்திக் காமிச்சுக்கிட்டே இருந்தாக. மறக்குமா? கார எடுக்கச் சொல்றேன், வாரேன்" என்றார். சொன்னபடி நேற்றே வந்துவிட்டார். இன்று என்னுடன் வந்து, தனியாக வாக்குமூலம் கொடுக்க வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நேற்றுக் கடையில் யோகலட்சுமியைப் பார்த்ததும் ஆச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானாடி என் கல்யாணத்தையே வீடு மாத்துனவ? ஒத்த மனுசியா எம்புட்டுப் பேரத் தூக்கவச்சிட்ட" என்று சிரித்தார். யோகலட்சுமி "மன்னிச்சுக்கங்க ஆச்சி" என்றதற்கு, "போடி இவளே, ஒம் பொறந்தநாளும் என் கல்யாண நாளும் ஒருநாள் வித்தியாசம். இனி வருசாவருசம் போன் பண்ணு" என்றார்.

நான் சொல்வது பொய் என்று தெரியவந்தால் என்மேல் வழக்கு வரும் என்று சார்பு ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். அடக்கவிலை தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் அவர் வழக்கப்படி "இலங்கை அகதி யோகலட்சுமி" என்று எழுதியிருந்தார். நான் சொல்லாதது அது, எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எழுத்தர் சார்பு ஆய்வாளரைப் பார்த்தார். அவர், "அவரு சொன்னத எழுதுய்யா" என்றார். அதை அடித்து, மேலே "கோட்டையூரில் பிறந்த யோகலட்சுமி" என்று எழுதி, திருத்திய இடத்தில் என்னைச் சுருக்கொப்பம் இடச் சொன்னார்கள். இட்டேன்.

மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. அத்தனையும் உண்மை.

ஒப்பம்
ஆ. மீனாட்சிசுந்தரம்