ஆறு சோரிசோவும் ஓர் அனிபாலும்

நான் இறைச்சியைக் கருக விடுகிறவன் அல்ல, ஆய்வாளர் ஐயா. முப்பது வருடமாக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு என் பொறுப்பு. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் மனைவி நெலிதா கொடுத்த புகார் சரிதான். உண்மையை எழுதிக் கொடுத்தால்தான் தன் தங்கை வீட்டிலிருந்து திரும்புவாளாம். அவள் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

பாதிப் பழி அந்த வார்த்தையின் மேல்தான். எங்கள் பத்தகோனியாவில் சுட்டுத் தின்னும் தொத்திறைச்சிக்கும் சோரிசோ என்றுதான் பெயர். காற்றை அடைக்கக் கதவடியில் வைக்கிறோமே, கந்தல் திணித்த நீள உருளை, அதற்கும் அதே பெயர். நெலிதா கம்பளி நூலில் ஏழு பின்னினாள். ஒன்றில் மஞ்சளும் ஊதாவும் கட்டம், ஒன்றில் பச்சைப் பூ. ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு. கழிப்பறைக் கதவுக்கு என் அம்மா பெயர். அதையும் தாங்கிக்கொண்டேன்.

படுக்கையறைக் கதவுக்கு அனிபால். எனக்கு முன்னால் அவளுக்கு நிச்சயமாகியிருந்தவன்.

"இத்தனை பேர் இருக்க, அதுதானா வாயில வந்துச்சு?" என்றேன்.

"போ கிழவா. அவனுக்கு இப்ப மண்டையில முடியே இல்லையாம்."

அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. படுக்கும்போதெல்லாம், "அனிபால நல்லா ஒட்டி வையி, குளிருது" என்பாள். வைத்தேன்.

போன ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பும்போது, "சோரிசோ எல்லாத்தையும் வெளிய போடு, வெயில் படட்டும்" என்றாள். 'வெயில் படட்டும்' என்றது காற்றோடு போய்விட்டது. என் காதில் விழுந்தது 'வெளிய போடு' மட்டும்தான். அடுப்பும் வெளியேதான் இருக்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும், ஐயா.

ஆறும் ஐந்து நிமிடத்தில் எரிந்து முடிந்தன. நாற்றம் தாங்காமல் மைத்துனி கிரசியேலா ஓடி வந்தாள்.

"அடப் பாவி, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"போடச் சொன்னா, போட்டேன்."

அவள் அடுப்புக் கம்பியின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே அனிபால் தனியாக, இளந்தணலில். பூண்டும் வினிகரும் தடவியிருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே பதமாக வர வேண்டுமென்று அரைமணிக்கு ஒருமுறை திருப்பினேன். அவனுக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஆயிற்று.

மற்ற ஆறு என்ன பாவம் செய்தன என்று கேட்டீர்கள். ஒன்று மட்டும் எரிந்தால் பொறாமை என்று ஊர் பேசும். எனக்கு அந்தக் குணமே கிடையாது, ஐயா.