ஜன்னல் கட்டையில் படிந்தது

பருப்பு சாதத்துக்கு நெய்யைக் கடைசியில்தான் விட வேண்டும், மேடம். அடுப்பிலேயே விட்டால் மணம் போய்விடும். சுபிக்ஷா அந்த மணத்துக்குத்தான் வாயைத் திறப்பாள். யானைக்கவுனி வீட்டில் சமைப்பதும் அவளுக்கு ஊட்டுவதும் என் வேலை. அவள் அம்மா ராமசெல்வி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "மோகனப்ரியா ஊட்டுனாத்தான் புள்ள சாப்புடுதா." அது உண்மைதான்.

எங்கள் வீடு எண்ணூர் சாலையோரம். முன்னால் கன்டெய்னர் லாரிகள். பின்னால் பாலகணேஷ் அண்ணாச்சியின் பட்டறை. பழைய பேட்டரிகளை உடைத்து உலையில் ஈயம் உருக்குவார்கள். காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். என் மகன் வெற்றி அந்தக் கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு லாரி பார்ப்பான். விரல் வாயிலேயே இருக்கும்.

முதலில் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு வயிற்று வலி. பிறகு, நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டை மறந்தான்.

அந்தச் சமயத்தில்தான் காற்றைச் சோதிக்கும் வில்சன் சார் எங்கள் மாடியில் ஒரு மெஷின் வைத்தார். வெள்ளைத் தாளை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் எடுத்தபோது அது கரிச்சட்டி நிறம். சோதனை முடிந்ததும் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஈயம் எக்கச்சக்கமா கீதும்மா. நிக்கல், காட்மியம்கூட கீது. கண்ணுக்குத் தெரியாத தூளு. மூச்சுல போனா உள்ளயே தங்கிடும். கை வாயில வெச்சா வயித்துக்கும் போவும். புள்ளைய இங்க வெச்சுக்காத."

வேறு எங்கே வைப்பது? அதிகாரிகள் லாரிப் புகை என்றார்கள். லாரிக்காரர்கள் பட்டறை என்றார்கள். நான் வெற்றியைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, நேத்து சொன்னத புள்ள இன்னிக்கி மறந்துட்றான். கொஞ்ச நாளாவது ஒலைய நிறுத்துங்க."

"வெறும் தூசிம்மா. தொடச்சிட்டாப் போச்சு. நானும் இங்கதான நிக்கேன், எனக்கு என்ன ஆச்சு?"

வெற்றி வலிப்பில் போய்விட்டான். காரியம் முடிந்ததும் அண்ணாச்சி ஆப்பிள் பையோடு வந்தார். யானைக்கவுனி வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டும், நீயே வாம்மா என்றார். அதைப் பெரிய மனசு என்று அவர் நம்பினார். என் வீட்டுக்காரர் ராமதாஸ் பையைத் தெருவில் வீசினார். "அவன் வூட்டுச் சோத்தயா துன்னப் போற?"

"துன்னப் போவல. ஆக்கப் போறேன்" என்றேன்.

எனக்குக் கத்தும் பழக்கம் இல்லை, மேடம். ஜன்னல் கட்டையைத் துணியால் துடைப்பதை மட்டும் நிறுத்தினேன். படிந்ததைக் கூட்டிச் சேர்த்தேன். அவருடைய பட்டறையில் இருந்து வந்தது, அவருடைய வீட்டுக்கே போனது. வெறும் தூசிதானே. சாதத்தை நன்றாகப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினேன்.

சுபிக்ஷா வெளுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ரத்தத்தில் ஈயம் என்று டாக்டர் சொன்னார். அப்பா சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றார். அன்று அண்ணாச்சி சமையலறை வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "எம்புள்ளைக்கு நானே வெஷத்தக் கொண்டாந்துட்டேனே." தூசி என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. விடிந்ததும் போய் உலையை அணைத்துப் பட்டறையைப் பூட்டினார். யாரும் மனு கொடுக்கவில்லை, யாரும் வாசலில் நிற்கவில்லை. அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது அது. அன்று அவருக்கு நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன்.

என் கூடையில் தூசிப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தது ராமசெல்வி. குழந்தை இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பேரைக் கேட்டால் பதில் தெரியாமல் அம்மா முகத்தைப் பார்க்கிறாளாம்.

நான்தான் கலந்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உலையை மூட வைக்கத்தான் செய்தேன். எங்கள் தெருவில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான்.

உலையை மூடிய பிறகும் சுபிக்ஷாவின் ரத்தத்தில் ஈயம் ஏன் ஏறிக்கொண்டே போனது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஜன்னல் கட்டையில் முன்போல் தூசி படியவில்லை. அதனால் பூட்டிக் கிடந்த பட்டறையின் பின்சுவருக்குப் போய்ச் சுரண்டி எடுத்துவந்தேன். ஊட்டும்போது அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. சாப்பிட்டு முடித்ததும் வாயைத் துடைத்து முத்தம் கொடுப்பேன். அந்தக் குழந்தை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, மேடம்.